பழுதே இல்லாத பதினான்கு மெஷின்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தச் சங்கிலித் தொழிற்சாலைக்குள் அலி அக்பர் ஒன்பது ஆண்டுகள் வெளியாளாகவே போய்வந்தார். காலை ஏழரை மணிக்கு வாசலில் பெயரும் ஊரும் வந்த காரியமும் சொல்லி ஒரு மஞ்சள் சீட்டு வாங்க வேண்டும். மாலையில் அதைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒன்பது ஆண்டுகளில் காவலாளிகள் நான்கு பேர் மாறினார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவனும் முதல் நாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாரைய்யா பாக்கணும்?" என்று கேட்டான். "மெஷினத்தான்" என்பார் அவர். அது கிண்டலா உண்மையா என்று அவர்களுக்குப் பிடிபட்டதில்லை.

உண்மைதான். கப்பலுக்கும் கிரேனுக்கும் சங்கிலி செய்யும் இடம் அது. எடைக் கணக்குப் பிரிவில் பதினான்கு பெண்கள் பதினான்கு கணக்கு மெஷின்களோடு உட்கார்ந்திருந்தார்கள். டைப்ரைட்டர் அளவு மெஷின். எண் விசைகளை அழுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கும், வகுக்கும். வகுத்து முடிந்ததும் ஒரு மணி அடிக்கும். இந்தக் கண்ணி இவ்வளவு எடையென்றால் நூறு மீட்டர் சங்கிலி எவ்வளவு, ஒரு வேகனில் எத்தனை கட்டு ஏற்றலாம் என்று நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதினான்கும் ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வது அலி அக்பரின் வேலை. வண்ணாரப்பேட்டைக்காரர். மண்ணடியில் ஒரு டைப்ரைட்டர் கடையில் கற்றுக்கொண்ட தொழில். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக ஊற்ற மாட்டார். ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் ஒரே ஒரு சொட்டு எடுத்து, பல்சக்கரத்தின் அச்சில் மட்டும் தொட்டு வைப்பார். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. அவரிடம் எனக்குத் தெரிந்த வேறு கொள்கை எதுவும் இல்லை. தொழிலில் கெட்டிக்காரர் என்று சொல்லலாம். மற்றதற்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

பழுதானால் எழுதிவைக்க ஒரு சீட்டுப் புத்தகம் பிரிவில் இருந்தது. மெஷின் எண், நேரம், ஆபரேட்டர் பெயர், காரணம் என்று நான்கு கட்டங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அப்போதிருந்த அதிகாரி அந்தச் சீட்டுகளை ஒருநாள் உட்கார்ந்து படித்தார். நாற்பது சீட்டில் பதினொன்றில் தங்கபுஷ்பம் என்ற பெயர் இருந்தது. எல்லாமே பிற்பகல் நேரம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்து மெஷினைப் போட்டு அடிக்கிறாள் என்று முடிவு கட்டி, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். தங்கபுஷ்பம் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், பிரிவில் மூத்த ஆபரேட்டரான ஹில்டா சீட்டுப் புத்தகத்தை எடுத்து அலமாரியின் கடைசித் தட்டில் போட்டார்.

"இனிமே எவளாவது அதுல பேரு எழுதுனா, அவளோட நான் பேசமாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து மெஷின் மக்கர் செய்தால் டீ குடித்த தம்ளரை அதன் தலையில் கவிழ்த்து வைப்பார்கள். அலி அக்பர் தம்ளரைப் பார்த்து வருவார், சரிசெய்வார், தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைப்பார். காகிதம் கிடையாது. ஏழு ஆண்டுகளாகப் புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை. ஏட்டின்படி பார்த்தால் அந்தப் பதினான்கு மெஷின்களுக்கும் பழுது என்பதே வந்ததில்லை.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் புதிய அதிகாரி தேசப்பன் அலி அக்பரைக் கூப்பிட்டனுப்பினார். கோடை விடுமுறையில் பாலிடெக்னிக்கிலிருந்து ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் எட்டு வாரம் வருவார்கள், மேஜைக் கணக்கு மெஷின்களை எப்படிப் பராமரிப்பது என்று கல்லூரியும் கம்பெனியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யப்போகின்றன என்றார்.

"அவங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் உங்க விஷயம். மெக்கானிக் வேணும்னு வந்தா நிரந்தர வேலை போட்டுடலாம். வேண்டாம்னு வந்தா வெளிக் கம்பெனிக்கு வருஷ ஒப்பந்தம். ரெண்டில் ஒண்ணு."

அலி அக்பருக்கு அப்போது நாற்பத்தோரு வயது. வீட்டுக்குப் போய் மனைவி பதுருன்னிசாவிடம் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான்: "வந்தவங்களுக்கு இதுல இன்னா லாபம்?" பதில் இல்லாத கேள்வி அலி அக்பர் மனதில் எப்போதும் சந்தேகமாகத்தான் வளரும்.

மே முதல் வாரம் வந்தார்கள். ஆசிரியர் லியோனார்ட் ராயபுரத்துக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத வாய். மாணவன் வேம்புக்கு இருபத்தாறு வயது. பகலில் லேத் பட்டறையில் ஃபிட்டர் வேலை, மாலையில் டிப்ளமோ. பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கையில் கடிகாரம், நீள நோட்டு, இரண்டு பென்சில்.

லியோனார்ட் முதல் நாளே அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி ஹில்டாவின் மேஜையில் வைத்தார். "எது பழுதானாலும் இதில் எழுதுங்கள். எங்கள் ஆராய்ச்சியே இதுதான்" என்றார். பெண்கள் பதினான்கு பேரும் தலையை ஆட்டினார்கள்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஹில்டா கேட்டார்: "இன்னா பாய், லீவு வுட்டா வாத்தியாரு வூட்ல காலை நீட்டிப் படுப்பாரா, இல்ல ஃபாக்டரிக்கு வந்து ஆராய்ச்சி பண்ணுவாரா?"

"படிச்சவங்க. இன்னாமோ பண்றாங்கோ."

"படிச்சவன் சும்மா வருவானா? மேஜை மேலயே வெக்கிற கம்ப்யூட்டரு வந்துகினு கீதாம். கரண்ட்ல ஓடுமாம். இதுங்க கெட்டுப்போச்சினு எழுதி வாங்கிக்கினா அதை எறக்கிடுவாங்க. எங்கள்ல பத்து பேரு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"அப்ப நானு?"

"கரண்ட் மெஷினுக்கு ஈர்க்குச்சி எதுக்கு பாய்?"

பெண்கள் சிரித்தார்கள். அலி அக்பர் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் ஏற்பாடு முடிந்துவிட்டது. தம்ளர் இனிக் கவிழக் கூடாது. கல்லூரி ஆட்கள் வருவது காலை ஒன்பதரைக்கு. எனவே எந்த மெஷின் என்ன ஆனாலும் அன்று மாலைவரை வாய் திறக்கக் கூடாது. மறுநாள் ஏழரைக்கு அலி அக்பர் வந்து, அவர்கள் வருவதற்குள் சரிசெய்துவிடுவார்.

இந்த ஏற்பாடு எட்டு வாரத்தில் ஆறு வாரம் நடந்தது. மெஷின் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் சிக்கும். சிக்கிய மெஷினின் கைப்பிடியை வெறுமனே சுற்றிக்கொண்டே, மடியில் ஒரு காகிதம் வைத்துப் பென்சிலால் பெருக்குவார்கள். ஏழாம் எண் மெஷினில் உட்கார்ந்த தங்கபுஷ்பம் இதில் தேர்ந்துவிட்டாள். வலது கை சுற்றும், இடது கை மடியில் எழுதும். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. மாலையில் விரல் வீங்கியிருக்கும். அலி அக்பர் தன் மூலை ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். பகல் முழுவதும் அவருக்குச் செய்ய வேலையே இல்லாதது போல இருக்கும். லியோனார்ட் அவரை அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். இந்த ஆள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் லியோனார்டுக்கும் இல்லை. நோட்டில் வராதது நடக்கவில்லை என்று நம்புகிறவர் அவர்.

தங்களுக்கு எதிராக ஒரு சதி நடப்பதாக எல்லாருமே எதிர்த்தரப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைத்ததில் ஒரு தரப்புக்கு மட்டும்தான் அது சரியாக இருந்தது.

ஜூன் நடுவில் ஒருநாள் மாலை, ரயில்வே கேட்டருகே அலி அக்பர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேம்பு வந்து பக்கத்தில் நின்றான்.

"பாய், ஏழாம் நம்பர்ல மணி அடிக்கல."

"இன்னா மணி?"

"இன்னிக்கு மத்தியானம் முழுக்க அந்தக்கா வகுத்தல்தான் போட்டுகினு இருந்துச்சி. ஒருவாட்டி கூட மணி கேக்கல. ஆனா வெடை வந்துகினே கீது. எப்டி பாய்?"

அலி அக்பர் தம்ளரை வைத்தார். "காது மந்தம் நைனா உனக்கு. பட்டறைல வேலை பாக்கறவனுக்கு அப்டித்தான்."

"நான் சாருகிட்ட சொல்லல பாய். சொல்லணும்னா அங்கயே சொல்லியிருப்பேன். ஆறு வாரத்துல ஒரு சீட்டு கூட ஏறல. பழுதே இல்லாததுக்கு ஒரு மெக்கானிக் எதுக்குனு தேசப்பன் கேக்கப்போறாரு. உன் வேலைதான் பாய் போவும்."

அலி அக்பர் டீக்குக் காசு வைத்துவிட்டு நடந்தார். இரவெல்லாம் யோசித்தாரா என்று தெரியாது. மறுநாள் ஏழரை மணிக்கு, சிக்கிக் கிடந்த நாலு மெஷின்களைச் சரிசெய்தபின், சீக்கிரமே வந்திருந்த ஹில்டாவிடம் போய் நின்றார்.

"அந்தப் பையன் கண்டுபிடிச்சிட்டான். என்னைப் பேச வெச்சி உங்க வாயப் புடுங்கப் பாக்கறான்னு நெனைக்கிறேன்."

"பாத்தியா? நான் சொன்னேன்ல."

"ஆனா அவன் சொல்ற கணக்கு தப்பில்ல. நீங்க ஒளிச்சி வெச்சது என் வேலைய."

இந்த ஒன்று ஹில்டாவுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. தன் பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்தவர், இந்த மனிதனின் உழைப்பையே ஆறு வாரமாக இல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"இப்ப எழுதுனா மட்டும் இன்னா ஆவும்?" என்றார். "ஆறு வாரம் ஒண்ணுமில்ல, இப்ப கடகடனு சீட்டு. யாரு பேரு மேல விழும்? அதே தங்கபுஷ்பம்."

"பேரு வாணாம்னு அவங்ககிட்ட சொல்லு. மெஷின் நம்பர் மட்டும் போடலாம்."

"ஏழாம் நம்பர்ல யாரு குந்திகினு கீறாங்கனு தேசப்பனுக்குத் தெரியாதா? நம்பர் போட்டாலே பேர் போட்ட மாதிரிதான் பாய்."

அலி அக்பர் ஈர்க்குச்சியைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப தெனம் எடத்த மாத்திக் குந்துங்க. யாரு எங்கனு எவனுக்கும் பிடிபடாது."

ஹில்டா அவரைப் பார்த்தார். ஹில்டாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு ரசிப்பு வந்தது. ஒளிந்துகொள்ள இன்னொரு வழி கிடைத்தால் அவருக்கு அது பிடிக்கும்.

ஒன்பதரைக்கு லியோனார்டும் வேம்பும் வந்ததும் ஹில்டா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தங்கபுஷ்பத்தின் எச்சரிக்கைக் கடிதத்திலிருந்து ஆரம்பித்து, மடியில் பென்சில் கணக்குவரை சொல்லிவிட்டு, "இனிமே தம்ளரு கவுறும். நீங்க எண்ணிக்கலாம். ஆனா தெனம் சீட்டுப் போட்டு எடம் மாறுவோம். பேரு கூடாது. சம்மதமா?" என்றார்.

லியோனார்டின் முகம் சிவந்தது. ஆறு வாரத்து நோட்டு வீண். அதைவிட, தன்னை ஒரு உளவாளியாக நினைத்திருக்கிறார்கள் என்பது அவரைச் சுட்டது. "இதுவும் நாடகமாக இருந்தால்?" என்று கேட்டார்.

"இருக்கலாம்" என்றார் ஹில்டா. "ஒக்காந்து பாருங்க."

வேம்பு மட்டும் நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட ஆரம்பித்துவிட்டான்.

மீதியிருந்த நாட்களில் பன்னிரண்டு வேலை நாள் அப்படி நடந்தது. காலையில் ஒரு பிஸ்கட் டின்னில் பதினான்கு துண்டுச் சீட்டு. எடுத்த எண்ணில் உட்கார வேண்டும். மேஜைகள் இரண்டு வரிசை. ஒன்றிலிருந்து ஏழுவரை கிழக்கு ஜன்னலோரம், மற்றவை மேற்குச் சுவரோரம். பழகிய மெஷினை விட்டுப் பிரிந்ததில் பெண்களுக்கு எரிச்சல். "இந்தக் கைப்பிடி என்னாடி இது, முருங்கைக்கா மாதிரி வளைஞ்சி கீது!" "என் கைக்குத் தோதா வளைஞ்சிடுச்சி, இப்ப நான் இன்னா பண்ண?" தம்ளர்கள் கவிழ்ந்தன. அலி அக்பர் பட்டப்பகலில் எல்லார் கண்முன்னாலும் ஈர்க்குச்சியோடு குனிந்தார். வேம்பு கடிகாரத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். முதல் இரண்டு நாள் அலி அக்பர் முதுகைக் காட்டியே வேலை செய்தார். மூன்றாம் நாள், "வெளிச்சத்த மறைக்காதே, இப்டி வா" என்றார்.

ஐம்பத்தெட்டுப் பழுது. அதில் ஐம்பத்தொன்று ஜன்னலோர வரிசையில். அவை எல்லாமே பிற்பகல். மேற்கு வரிசை எண்களே பெரும்பாலும் கிடைத்த தங்கபுஷ்பத்துக்கு மொத்தம் ஒன்று. ஏழாம் எண்ணை எடுத்த நாளில் ஹில்டாவின் மெஷின் மூன்று முறை நின்றது. "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று மேற்கு வரிசையிலிருந்து தங்கபுஷ்பம் கேட்டாள். ஏழு ஆண்டுகளில் அவள் அந்தப் பேச்சை எடுத்து யாரும் கேட்டதில்லை.

லியோனார்ட் அப்போதும் நம்பவில்லை. ஒருநாள் மதியம் தானே ஏழாம் எண்ணில் உட்கார்ந்தார். இரண்டரை மணிக்கு எண் சக்கரங்கள் பாதியில் நின்று, கைப்பிடி வெறுமனே சுழன்றது. அவர் எழுந்து மேஜையை விரலால் தடவினார். விரல் நுனி கறுத்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவில் சங்கிலிக் கண்ணிகளைச் சாணை பிடிக்கும் கொட்டகை. மே, ஜூன் வெயிலில் பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று எழுந்ததும் எல்லாரும் ஆசையாக ஜன்னலைத் திறப்பார்கள். காற்று கொட்டகையைத் தாண்டித்தான் வர வேண்டும். வரும்போது இரும்புத்தூளையும் கொண்டுவரும். தூங்கி வழிந்தவள் என்று கடிதம் வாங்கியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்று லியோனார்ட் அலி அக்பரைக் கேட்டார்.

"தூசின்னு தெரியும் சார். எங்கேர்ந்து வருதுன்னு யாரும் கேக்கல."

இடம் மாற்றி உட்கார்ந்தது மறைவதற்காக. ஆளையும் மெஷினையும் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல முறையை லியோனார்டும் வகுத்திருக்க முடியாது, வகுக்கவும் இல்லை. அறிக்கையில் அதைத் தன் முறை என்றே எழுதிக்கொண்டார். ஆனால் இரும்புத்தூளைப் பற்றியும், ஒரு நிரந்தர மெக்கானிக் தேவை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் மெக்கானிக் எதற்கு என்று தேசப்பன் கேட்டபோது, "அந்தத் தூளை நிறுத்துகிற வலை காற்றையும் நிறுத்தும். ஒரு மத்தியானம் நீங்கள் உள்ளே உட்கார்ந்து பாருங்கள்" என்றாராம்.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. நிரந்தரப் பணியிடம் உண்டு. தகுதி டிப்ளமோ. அது இல்லையென்றால், இந்த மெஷின்களில் எட்டு ஆண்டு பழுது பார்த்ததாகப் பிரிவின் மூத்த ஆபரேட்டர் எழுத்தில் சான்று தர வேண்டும்.

"டிப்ளமோ யாருக்கு கீது?" என்றாள் தங்கபுஷ்பம். எல்லாருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. அன்று மாலையே டீக்கடைக்கு வேம்பு வந்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் கீது பாய். முடிஞ்சிருந்தாலும் இதுக்கு மனு போடமாட்டேன்."

"அதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் அலி அக்பர். வேம்பு கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் ஒரு டீ சொன்னான்.

சான்றுதான் சிக்கல். ஹில்டா அதை எழுதினால், ஏழு ஆண்டுகளாக அந்தச் சீட்டுப் புத்தகம் பொய் என்று தன் கையெழுத்தால் ஒப்புக்கொண்டதாகும். யாரும் கொடுக்கக் கூடாது என்று அவர் தடுத்துவைத்திருந்த பெயர் போட்ட காகிதத்தைத் தேசப்பனிடம் அவரே கொடுக்க வேண்டும். தேசப்பன் அதை எதிர்பார்த்துத்தான் அந்த வாசகத்தைப் போட்டிருக்கிறார் என்று பிரிவே நம்பியது. நானும் அப்படி நினைக்கக் காரணம் உண்டு. நிரூபிக்க வழி இல்லை.

அலி அக்பர் கேட்கவில்லை. நாலு நாள் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் மதியம் ஹில்டா டைப்ரைட்டரை இழுத்து வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு கார்பன் தாள் சொருகி, ஒரு பக்கம் அடித்தார். தன் பெயர், பதவி, பணியில் சேர்ந்த தேதி. அறுபத்தாறு முதல் பழுதுகளைப் புத்தகத்தில் எழுதாமல் விடச் சொன்னது தான்தான் என்ற வாக்கியம். அலி அக்பர் வாரத்துக்கு ஏறத்தாழ இத்தனை பழுது பார்த்தார் என்ற கணக்கு. கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு நகலைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்து, "வூட்டுல பத்திரமா வெச்சிக்கோ. நாளைக்கு நான் இப்டி எழுதலன்னு எவனாவது சொல்லுவான்" என்றார். மூலத்தை அலி அக்பரிடம் நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்க?"

"இங்கிலீஷு. யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லு. என்னை நம்பாத."

அலி அக்பர் அப்படியே செய்தார். முதலில் வேம்பிடம் கொடுத்தார். அவன் டீக்கடை விளக்கடியில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். பிறகு அதை வாங்கிக்கொண்டு தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தேசப்பனின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

அக்டோபர் முதல் தேதி அவர் பெயர் பணியாளர் பதிவேட்டில் ஏறியது. ஹில்டாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, வேகன் கணக்குக்குத் திரும்பினார்.